காட்டுக்குள் நீலக்கோடு போட்ட காயக்காரர்

பாரிஸுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில் பொன்தென்புளோ என்றொரு பெருங்காடு இருக்கிறது. ஓக் மரங்களும் பைன் மரங்களும் வெண்மணலும் யானை படுத்தது போன்ற மணற்கல் பாறைகளும் நிறைந்த இடம். பிரான்சில் இருக்கும் நம்மவர்களில் பலர் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருப்பார்கள். அந்தக் காட்டின் ஒடுங்கிய பாதைகளில் நடந்தால் மரத்திலும் பாறையிலும் சிறிய நீலக்கோடுகள் தென்படும். அவற்றைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. அந்தக் கோடுகளுக்குப் பின்னால் போரில் காயப்பட்ட, வேலையிலிருந்து துரத்தப்பட்ட ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் குளோட் பிரான்சுவா தெனெகூர்.

புல்மோட்டைக் காட்டுப் பாதைகளைப் பற்றி எழுதவென்று அலைந்துகொண்டிருந்தபோதுதான் அவரை நான் அறிந்தேன். பாரிஸிலிருந்து உறவினர் ஒருவர் தன் மலைச் சைக்கிள் ஓட்டத்தைக் காணொளியாக அனுப்பியிருந்தார். பள்ளத்தில் இறங்கி, வேர்களில் துள்ளி, மணலில் சறுக்கிப் போன சைக்கிள் ஒரு நீலக்கோட்டுப் பாதையின் வாயிலில் நின்றுவிட்டது. அதற்குள் சைக்கிள் விடக்கூடாதாம். அகலமான வனப்பாதைகளில் மட்டும்தான் ஓடலாமாம். இவ்வளவு மரியாதைக்குரிய பாதையை யார் போட்டது என்று தேடப் போய் 19ஆம் நூற்றாண்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

தெனெகூர் 1788இல் பிரான்சின் கிழக்குப் பகுதியில், ஓத்-சோன் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். மறுவருடம் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1809இல் நெப்போலியனின் படையில் சேர்ந்தார். போரில் காயப்பட்டார். 1815இல் நெப்போலியன் வீழ்ந்ததும் மன்னராட்சி திரும்பியது. நேற்று வரை வீரர்கள் என்று கொண்டாடப்பட்டவர்கள் ஒரே இரவில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். யார் யாரோடு பேசுகிறார், எந்தப் பத்திரிகை வாசிக்கிறார் என்றெல்லாம் கவனிக்கப்பட்ட காலம் அது. அந்தச் சூழலை இங்குள்ள வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

காயக்காரர்கள் என்றதும் புல்மோட்டையில் எல்லோருக்கும் நினைவு வருவது 2009. அந்த மார்ச் மாதம் புதுமாத்தளன் பக்கமிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களுக்கு இந்திய மருத்துவக் குழுவொன்று இங்கே வைத்தியசாலை நடத்தியது. கையில்லாமல், காலில்லாமல், கூட வந்தவர் யாருமில்லாமல் வந்தவர்கள். பிறகு அவர்கள் எங்கே போனார்கள், எப்படிச் சீவிக்கிறார்கள் என்று இன்றும் கேட்கிற முதியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். போரின் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் காயம் பட்ட நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். தெனெகூரின் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது, காயம் ஆறிய பின்னான அறுபது வருடங்கள்.

படைமுகாம்களில் வாயிற்காவலர் வேலை பார்த்து, 1832இல் பொன்தென்புளோ நகரத்து முகாமுக்கு வந்து சேர்ந்தார். அரசியல் கருத்துக்காக அந்த வேலையும் போனது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மனம் சோர்ந்துபோன அந்த நாட்களில்தான் ஊரை ஒட்டிய காட்டுக்குள் நடக்கத் தொடங்கினார்.

அந்தக் காடு அதுவரை அரசர்களின் வேட்டைக்காடு. குதிரைகளும் வேட்டைநாய்களும் ஓட நேர்கோடாக வெட்டிய அகல வீதிகள் இருந்தன. ஊர்ச்சனம் விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் போனார்கள். மற்றவர்களுக்கு அது வழி தவறும் இடம். சும்மா நடந்து பார்ப்பதற்காக ஒருவர் காட்டுக்குள் போகலாம் என்ற எண்ணமே பலருக்கு இல்லை.

தெனெகூர் 1839இல் காட்டுக்கான வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டார். எழுதி வைத்தது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். 1842 முதல் தானே பாதை போடத் தொடங்கினார். வனத்துறையிடம் முறைப்படி அனுமதி பெற்று ஆரம்பித்த வேலை அல்ல. ஓசையில்லாமல் தொடங்கி, பாதைகள் ஊன்றிய பிறகே அதிகாரிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். சொந்தப் பணத்தில் கூலியாட்களை வைத்தார். கொப்புகளை வெட்டினார், கற்களைப் புரட்டினார், பாறைகளுக்கு அடியில் ஆள் குனிந்து போக வழி குடைந்தார். நீரூற்றுகள் அமைத்தார். அரச வீதிகள் நேராகப் போக, இவருடைய பாதைகள் வளைந்து வளைந்து போயின. ஒரு பாறையைச் சுற்றி, ஒரு கிழட்டு ஓக் மரத்தடியில் நின்று, பிறகு திடீரென்று பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் மேட்டில் கொண்டுபோய் விடுவதுதான் அவர் கணக்கு. வழி தவறாதிருக்க நீல அம்புக்குறிகள். வாழ்நாளில் இப்படி ஏறத்தாழ 150 கிலோமீற்றர் பாதையை அவர் போட்டு முடித்தார்.

இந்த நீல அம்புக்குறியைப் பற்றி வாசித்தபோது எனக்கு நம்முடைய காடுகளின் அடையாளங்கள் நினைவுக்கு வந்தன. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை, கண்ணிவெடி அகற்றுபவர்கள் கட்டும் நாடா, எல்லைக் கற்கள். எல்லாமே உள்ளே வராதே என்று சொல்பவை. 1984இல் இடம்பெயர்ந்த தென்னமரவாடி மக்கள் போருக்குப் பிறகு திரும்பியபோது பழகிய தடங்களைக் காடு மூடியிருந்தது. தேனுக்குப் போகும் புல்மோட்டை நானா ஒருவர் எனக்குச் சொன்னது, ஆள் நடக்காத பாதை மூன்று மாரியில் செத்துவிடும் என்று. அவர் தனக்கு வழி தெரிய கொப்பை முறித்து வைத்துவிட்டுப் போவாராம். போர்க்காலத்தில் அதையும் விட்டுவிட்டாராம். முறிந்த கொப்பைப் பார்த்து வேறு யாரும் பின்னால் வந்துவிடக் கூடாதே என்ற பயம்.

1849இல் பாரிஸிலிருந்து பொன்தென்புளோவுக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் தெனெகூரின் உழைப்புக்குப் பலன் வந்தது. கடைக்காரர்களும் தையல்காரர்களும் எழுதுவினைஞர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இறங்கினார்கள். கையில் அவருடைய வழிகாட்டி நூல், கண் முன்னால் அவருடைய கோடு. அவர் கட்டுவித்த கோபுரத்தை 1853இல் மூன்றாம் நெப்போலியன் திறந்துவைத்தார். பேரரசரின் கோட்டை என்று முதலில் பெயர். இன்று அது தெனெகூர் கோபுரம். ஒரு பேரரசருக்காகக் காயப்பட்டவர் இன்னொரு பேரரசரின் பெயரைத் தன் கோபுரத்துக்குச் சூட்டியது எனக்கு உவப்பானதாக இல்லை. ஆனால் பழைய படையாட்களின் விசுவாசம் இலேசில் போகாது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

இன்னொரு விடயமும் உறுத்துகிறது. நூற்றுக்கணக்கான மரங்களுக்கும் பாறைகளுக்கும் அவர் பெயர் வைத்தார், கதைகளும் கட்டிவிட்டார். விறகு பொறுக்கப் போன சனம் அந்தப் பாறைகளை அதற்கு முன் வேறு ஏதோ பெயரில் அழைத்திருக்காதா? ஒரு குளத்தின் பெயர் பலகையில் மாறினால் அதன் பின்னால் என்னவெல்லாம் மாறும் என்று தெரிந்த ஊரில் இருந்துகொண்டு இதை வெறும் ரசனையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. காட்டை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார் என்று முணுமுணுத்தவர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள்.

ஆனாலும் கூட்டம் வந்ததில் ஒரு நன்மை நடந்தது. பார்பிசோன் கிராமத்தில் தங்கியிருந்த ஓவியர்கள், தியோடோர் ரூசோவை முன்னிறுத்தி, பழைய மரங்களை வெட்டுவதற்கு எதிராகக் குரல் கொடுத்துவந்தார்கள். 1861இல் 1,097 ஹெக்டேயர் காடு கலைக்காகப் பாதுகாக்கப்படும் பகுதியாக ஆணையிடப்பட்டது. அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசியப் பூங்கா வந்தது அதற்குப் பதினொரு வருடம் கழித்து, 1872இல். ஆணையை வாங்கித் தந்தவர்கள் ஓவியர்கள்தான். ஆனால் அந்தக் காடு தங்களுடையதும் கூட என்று பாரிஸ் சனத்தை நினைக்க வைத்ததில் தெனெகூரின் பாதைகளுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். கால் படாத காட்டுக்காகத் தெருவில் இறங்க யாரும் வரமாட்டார்கள்.

1855இல் அவரைக் கௌரவித்து ஒரு தொகுப்பு நூல் வந்தது. விக்டர் ஹியூகோ, ஜோர்ஜ் சாண்ட், போதலேர், நெர்வால் என்று அக்காலப் பெரும் எழுத்தாளர்கள் பலர் அதில் எழுதினார்கள். வேலை பறிக்கப்பட்ட வாயிற்காவலருக்கு இது கிடைத்தது. அதன் பிறகும் அவர் பாதை போடுவதை நிறுத்தவில்லை. கையில் இருந்ததையும் நூல் விற்ற பணத்தையும் காட்டுக்குள்ளேயே கொட்டினார். 1875 மார்ச்சில், எண்பத்தாறாவது வயதில் இறந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து ஷார்ல் கொலினே என்பவர் தொடர்ந்தார். 1905இல் இறக்கும் வரை அவரும் புதிய பாதைகள் போட்டார். 1907இல் காட்டின் நண்பர்கள் சங்கம் உருவானது. இன்று 300 கிலோமீற்றரைத் தாண்டிய அந்தப் பாதைகளை இருவரின் பெயரையும் சேர்த்தே அழைக்கிறார்கள். மழையிலும் பாசியிலும் கோடுகள் மங்கும்போது சங்கத்தின் தொண்டர்கள் நீலப் பெயின்ற் வாளியோடு போய்த் திரும்பவும் தீட்டிவிட்டு வருகிறார்கள்.