புதுச்சேரியிற் பிறந்த பிரெஞ்சுப் பிரபு

ஸ்ரீரங்கம் மதில்களைக் காணும்போது ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தையும் நினைத்துக்கொள்ளும். 1752 ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா, திருச்சியைப் பிடிக்க வந்தவர், ஸ்ரீரங்கத்தில் தம் சேனையோடு ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். அவருடைய பெரிய தகப்பனார் ஜான் லா பாரிஸில் நடத்திய வங்கியோ 1720-லேயே முறிந்து, பலர் ஆஸ்தியை அழித்திருந்தது. ஆக, இரு தலைமுறையிலும் குடும்பத்துக்கு அவப்பெயர்.

ழாக்கின் சகோதரர் ழான் லா புதுச்சேரிக் கவர்னராயிருந்தபோது, 1768-ல் அங்கே அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவரே லோரிஸ்தோன் பிரபு. பீரங்கிப் படையில் சேர்ந்தார்; நெப்போலியனின் நம்பிக்கைக்குரிய அதிகாரியானார். 1808-ல் கோமான் பட்டம். 1811-ல் ருஷியாவில் தூதர் பதவி. 1813-ல் லைப்சிக் போரில் அவரும் எதிரியிடம் சிறைப்பட்டார். ஆயினும் அத்தோடு அவர் வாழ்வு முடியவில்லை. 18-ஆம் லூயி மன்னர் 1817-ல் டியூக்குக்கு அடுத்தபடியான மார்க்கி பட்டத்தையும், 1823-ல் மார்ஷல் பதவியையும் அவருக்கு அளித்தார். 1828-ல் பாரிஸில் காலமானார்.

பார்த்தீரா? பட்டம் பரம்பரையாய் இறங்கலாம். அவமானம் அப்படி இறங்கவேண்டியதில்லை. பெரியவர்களின் தோல்வியைச் சொல்லிக் காட்டி எந்தப் பிள்ளையையும் எடைபோடாதிரும்.