சரந்தீபில் ஒரு மிசிறு வீரர்

ஊரைப் பிரிந்த ஒரு நிகழ்ச்சியையே ஆண்டுக் கணக்கின் தொடக்கமாகக் கொண்டது இசுலாமியச் சமுதாயம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவை நீங்கி மதீனா ஏகிய ஹிஜ்ரத், இழப்பாகத் தொடங்கி ஆக்கமாக மலர்ந்தது. பிறந்த மண்ணைப் பிரிந்தோர் அம்மண்ணையும் இறைவனையும் முன்னினும் ஆழமாக நினைவர் என்னும் உண்மைக்கு வரலாற்றில் சான்றுகள் பல உள. அவற்றுள் ஒன்றை ஈண்டுக் காண்போம்.

தமிழ் நாவலின் வரலாற்றைக் கற்பிக்கும்போது, 1885இல் வெளிவந்த ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நூலை நாம் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்திலெவ்வை இயற்றிய நாவல் அது. எகிப்தில் பிறந்து, குழவிப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, பின்னர்த் தாய்நாட்டை நாடிச் செல்லும் ஓர் இளைஞனே அதன் தலைவன். நாட்டைக் கண்டறியாத அவனுக்குள்ளும் நாட்டுப்பற்று வளர்கிறது. அந்நூல் வெளிவந்த நாளில் மெய்யான எகிப்தியர் ஒருவர் நாடிழந்து கொழும்பில் வாழ்ந்துகொண்டிருந்தார். அவரே அஹ்மது ஒராபி பாஷா. கதைத்தலைவன் அவரே என்று கூறுதல் பொருந்தாது. எனினும் அவர் வாழ்வை அறிந்து படிப்போர்க்கு அக்கதை புதிய பொருள் தரும்.

ஒராபி 1841இல் கீழை எகிப்தில் ஒரு சிற்றூர்த் தலைவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர் அல்-அஸ்ஹரில் கல்வி பயின்று, பின்னர்ப் படையில் சேர்ந்தார். உழவர் குடியில் தோன்றியவர் உயர்பதவி பெறுதல் அரிதாயிருந்த காலம் அது. துருக்கிய, சர்க்காசிய அதிகாரிகளின் மேலாதிக்கமும், ஐரோப்பியரிடம் பட்ட கடனால் நாடு அடைந்த இழிநிலையும் அவர் உள்ளத்தை வாட்டின. 1881 செப்டம்பரில் அப்தீன் அரண்மனை முன்னர்ப் படையுடன் நின்று, மக்கள் மன்றம் வேண்டுமெனக் கோரினார். அடுத்த ஆண்டு போர் அமைச்சரானார்.

1882 ஜூலை 11ஆம் நாள் ஆங்கிலேயக் கப்பற்படை அலெக்சாந்திரியா நகர்மீது குண்டு பொழிந்தது. செப்டம்பர் 13ஆம் நாள் விடியலில் தெல்-எல்-கபீரில் ஒராபியின் படை வீழ்ந்தது. அவருக்கு விதிக்கப்பெற்ற மரண தண்டனை நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1883 ஜனவரியில் அவரும் தோழர் அறுவரும் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினர். ஆதிபிதா ஆதம் (அலை) அவர்கள் சுவனத்தினின்று இறங்கிய இடம் எனப் பன்னெடுங்காலமாய் அரபு மக்கள் போற்றிவரும் சரந்தீப் அது. சுவனம் இழந்தவரின் தீவு நாடிழந்தவர்க்கும் அடைக்கலமாயிற்று.

இலங்கைச் சோனகர் அவரைப் பேரன்புடன் வரவேற்றனர். அவர் அந்த அன்பை வாளா ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. ஆங்கிலக் கல்வியால் சமயம் கெடுமோ என்றஞ்சிப் பின்தங்கியிருந்த சமுதாயத்திற்குக் கல்வியின் இன்றியமையாமையை உணர்த்தினார். சித்திலெவ்வை, வாப்பிச்சி மரைக்கார் போன்ற சான்றோரின் முயற்சிக்குத் துணை நின்றார். அதன் பயனாக 1892இல் கொழும்பு மருதானையில் தோன்றியதே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. தம் நாட்டிற்குச் செய்ய இயலாத பணியை, தமக்கு நிழல் தந்த நாட்டிற்குச் செய்தார் எனலாம்.

எனினும் பிரிவின் கொடுமையை நாம் மறைத்தல் தகாது. தோழருள் மூவர் இலங்கை மண்ணிலேயே மடிந்தனர். கவிஞர் மஹ்மூது சாமி அல்-பாரூதி கண்ணொளி மங்கும் வரை இங்கிருந்து ஏக்கப் பாக்களை யாத்தார். அரபு இலக்கிய மறுமலர்ச்சிக்கு அவை வித்தாயின. கொழும்பிலிருந்து கண்டிக்குச் சென்று வாழ்ந்த ஒராபியும் ஊர் திரும்ப அனுமதி வேண்டிப் பன்முறை ஆங்கில அரசுக்கு விண்ணப்பித்தார்.

1901இல் அவ்வனுமதி கிடைத்தது. ஆனால் அவர் விட்டு வந்த எகிப்து அங்கில்லை. புதிய தலைமுறையினர், ஆங்கிலேயர் நாட்டைக் கைப்பற்ற இவரே காரணர் என்று பழித்தனர். ஆங்கிலேயரைப் பற்றி அவர் கூறிய நன்மொழிகள் அப்பழியை மேலும் வளர்த்தன. புகழ்மிக்க கவிஞர் அஹ்மது ஷவ்கியும் அவரை எள்ளிப் பாடினார். அந்நிய மண்ணில் பெற்ற அன்பைச் சொந்த மண்ணில் அவர் பெறவில்லை. தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்துவிட்டு, 1911இல் அவர் கண்மூடினார். 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னரே எகிப்து அவரை விடுதலை வீரராகப் போற்றலாயிற்று.

கதையில் வரும் அசன்பே தாய்நாட்டை அடைந்து இன்புறுகிறான். வாழ்வில் ஒராபி தாய்நாட்டை அடைந்து துன்புற்றார். இருவருள் எவர் பற்று பெரிது என்று மாணாக்கர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கைம்மாறு கிடைக்கும்போது நாட்டை நேசிப்பது எளிது. பழி கிடைத்தபோதும் நேசிப்பதற்கு இறைவன்பால் நீங்காத நம்பிக்கை வேண்டும். ஒராபிக்கு மண்ணில் கிடைக்காத தீர்ப்பைக் காலம் வழங்கியது. மருதானையில் இன்றும் ஒலிக்கும் பள்ளி மணி அதற்குச் சான்று.