பேட்மனுக்குத் துணை கொடுத்த பில் பிங்கர்

அண்மையில் அக்காவின் மகனோடு பேட்மன் படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆள் ஏன் சிரிப்பதே இல்லை என்று கேட்டுவிட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டான். ஊடகக் கற்கைகள் படித்த எனக்கும் உடனே பதில் வரவில்லை. அதைத் தேடப் போய்த்தான் பில் பிங்கரின் வாழ்க்கையை அறிந்துகொண்டேன்.

1914இல் அமெரிக்காவின் டென்வரில் பிறந்து நியூயோர்க்கில் வளர்ந்தவர் அவர். யூதக் குடும்பம். உலகப் பொருளாதார மந்தக் காலத்தில் சப்பாத்து விற்றுப் பிழைத்தார். 1939இல் ஓவியர் பொப் கேன் புதிய சாகச நாயகன் ஒருவனை வரைந்து காட்டினார். சிவப்பு உடை, விறைத்த சிறகுகள், சிறு கண்மறைப்பு. உடையைச் சாம்பல் நிறமாக்கி, வௌவால் காதுள்ள முகமூடியும் தோளிலிருந்து தொங்கும் அங்கியும் கொடுக்கச் சொன்னவர் பிங்கர். முதற் கதையை எழுதியவரும் அவரே. அதே ஆண்டில், கண்ணெதிரே தாயும் தகப்பனும் சுட்டுக் கொல்லப்பட்ட சிறுவனே வளர்ந்து பேட்மன் ஆனான் என்ற பின்னணியும் கதையில் சேர்ந்தது.

ஆனால் இருளை மட்டும் வைத்துக் கதையை நெடுங்காலம் கொண்டுபோக முடியாதென்பது எழுதும்போதே பிங்கருக்குப் புரிந்தது. தனியாகவே திரியும் மனிதனுக்குப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று அவர் கருதினார். 1940இல் ரொபின் வந்தான். அவனும் பெற்றோரை இழந்த பிள்ளைதான். ஆனால் அவன் பகிடி விட்டான், சிரித்தான்.

பிறகு தராசு மறுபக்கம் சாய்ந்தது. 1954இல் அமெரிக்கச் சித்திரக்கதைகளுக்குக் கடும் தணிக்கை விதிகள் வந்தபின் பேட்மன் விளையாட்டுப் பிள்ளையானான். 1966இல் தொலைக்காட்சியில் அவன் முழு நகைச்சுவைப் பாத்திரம். அந்தத் தொடருக்கும் பிங்கர் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு கதை எழுதினார். எழுபதுகளில் வந்தவர்கள் மீண்டும் இருளைக் கொண்டுவந்தார்கள். 1986இல் பிராங்க் மில்லர் அதை இன்னும் அடர்த்தியாக்கினார்.

பிங்கரின் சொந்த வாழ்க்கையில் வெளிச்சம் குறைவு. ஒப்பந்தப்படி படைப்பாளர் என்று கேனின் பெயர் மட்டுமே அச்சானது. 1974இல், 59 வயதில், பணக் கஷ்டத்தோடு இறந்தார். மகன் அவருடைய சாம்பலைக் கடற்கரை மணலில் வௌவால் வடிவில் பரப்பி அலைக்குக் கொடுத்தார். பேத்தியும் ஆதரவாளர்களும் போராடிய பிறகு, 2015இல்தான் அவருடைய பெயரையும் சேர்க்க நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இதையெல்லாம் வாசித்தபின், போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பற்றி நான் எழுதிய பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில், ஒரு பிள்ளை தன் தோழிகளோடு வலைப்பந்து விளையாடியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த பகுதியை நானே வெட்டியிருந்தேன். சோகம் குறைந்துவிடும் என்று அப்போது நினைத்தேன்.

ரொபினைக் கொண்டுவந்தபோது பிங்கர் அந்தப் பெற்றோரின் மரணத்தைக் கதையிலிருந்து அழிக்கவில்லை. அதைச் சுமப்பவனுக்குப் பக்கத்தில் சிரிக்கத் தெரிந்த ஒருவனை நிறுத்தினார், அவ்வளவுதான். அந்தக் கட்டுரையை இன்று எழுதினால் வலைப்பந்தை வெட்டமாட்டேன்.