ஒரு கிட்டார், ஒரு இரும்புத் துண்டு: ஹவாய் இசையை உலகம் சுற்றவைத்த ஜோசப் கெக்குக்கு யார்?

ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூன் பார்த்திருக்கீங்களா? எபிசோடு பெயர் திரையில் வரும்போது, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகிற மாதிரி ஒரு கிட்டார் கேட்கும். லூனி டூன்ஸ் ஆரம்பத்தில் 'போய்ங்ங்' என்று ஒரு சத்தம் வருமே, அதுவும் அதே குடும்பம்தான். வாத்தியத்தின் பெயர் ஹவாயன் ஸ்டீல் கிட்டார்.

இதற்கென்றே ரசிகர் சங்கங்களும் ஆண்டுக் கூடுகைகளும் இருக்கின்றன. அப்படி ஒரு கூடுகைக்கு முதல்முறை போகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய முதல் பெயர், ஜோசப் கெக்குக்கு. சத்தம் நம் எல்லோருக்கும் தெரியும், ஆள்தான் தெரியாது.

ஸ்டீல் கிட்டார்னா என்ன?

பலர் நினைப்பதுபோல, ஸ்டீலில் செய்த கிட்டார் இல்லை. கையில் பிடிக்கும் இரும்புத் துண்டால் வந்த பெயர் இது. கிட்டாரை மடியில் படுக்க வைக்க வேண்டும். இடது கை விரல்களால் கம்பியை அழுத்தாமல், அந்த இரும்புத் துண்டைக் கம்பிமேல் வைத்து நகர்த்த வேண்டும். வலது கை மீட்டும்.

சாதாரண கிட்டாரில் ஸ்வரங்கள் படிக்கட்டு மாதிரி, ஒவ்வொன்றாகத்தான் ஏற முடியும். இதில் சறுக்குமரம் மாதிரி நடுவில் உள்ள எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே போகலாம். அதனால்தான் மனிதக் குரல் பாடுவதுபோல் கேட்கிறது.

எப்படிக் கண்டுபிடித்தார்?

கெக்குக்கு 1874-ல் ஹவாயின் ஓவாஹூ தீவில், லாயியே என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். சிறுவனாக, கிட்டாரோடு ரயில் பாதை ஓரம் நடந்தபோது கீழே கிடந்த ஒரு போல்ட்டை எடுத்தார், அது கம்பியில் உரசியது, அந்தச் சத்தம் பிடித்துப்போனது என்பது பிரபலமான கதை. போல்ட் இல்லை, சீப்பு என்று சொல்பவர்களும் உண்டு.

எது உண்மையோ, முக்கியமான விஷயம் அதற்கு அப்புறம்தான் நடந்தது. ஹொனலுலுவில் கமேஹமேஹா ஆண்கள் பள்ளியில் படித்தபோது, அந்தச் சத்தத்தை விடாமல் துரத்தினார். கத்தியின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தார். பிறகு பள்ளிப் பட்டறையிலேயே உருளை வடிவில் ஒரு ஸ்டீல் துண்டைச் செய்துகொண்டார். இரும்பு, கிட்டாரின் கழுத்தில் இடிக்கக் கூடாது என்பதற்காகக் கம்பிகளை மேலே தூக்கிக் கட்டினார். தற்செயலாகக் கேட்ட ஒரு சத்தம் இப்படித்தான் வாசிக்கும் முறையாக மாறியது. மற்ற மாணவர்களும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

அப்போது ஹவாயில் என்ன நடந்துகொண்டிருந்தது?

அவர் பிறந்தபோது ஹவாய் தனி நாடு. அரசர் ஆண்டார். 1893-ல் அமெரிக்க வணிகர்களும் தோட்ட முதலாளிகளின் தரப்பும் சேர்ந்து, அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கி நிற்க, ராணி லிலியுவோகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1896-ல் வந்த சட்டம், பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்றது. ஹவாய் மொழி வகுப்பறையை விட்டு வெளியேறியது. 1898-ல் நாடே அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது.

அதாவது கெக்குக்குவுக்கு 25 வயது ஆவதற்குள் அவருடைய நாடு வரைபடத்தில் நிறம் மாறிவிட்டது. 1904-ல் அவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வரவே இல்லை.

அங்கே போய் என்ன செய்தார்?

ஊர் ஊராக மேடை நிகழ்ச்சிகளில் வாசித்தார், மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1912-ல் பிராட்வேயில் 'தி பேர்ட் ஆஃப் பாரடைஸ்' நாடகம் வந்தது. மேடையில் ஹவாய் இசைக்கலைஞர்களே வாசித்தார்கள். 1915-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஹவாய் அரங்கில் தினமும் இசை. அதற்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய் இசை மோகம். இசைத்தட்டுகள் விற்றுத் தள்ளின.

1919-ல் 'தி பேர்ட் ஆஃப் பாரடைஸ்' குழுவோடு கெக்குக்கு ஐரோப்பா போனார். சுமார் 8 ஆண்டுகள் அங்கேதான்.

இங்கே ஒரு முரண் இருக்கு. அந்த நாடகத்தில் வரும் ஹவாய், வெளியாட்கள் கற்பனை செய்த ஹவாய். வெள்ளைக்காரரைக் காதலித்த தீவுப் பெண், கடைசியில் எரிமலைக்குத் தன்னையே பலி கொடுப்பாள். நாட்டை இழந்த ஒரு மக்களை 'அழகான, அப்பாவியான தீவுவாசிகள்' என்று காட்டிய மேடை அது. அந்த மேடையில் நிஜமான ஹவாய் என்றால், அது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களின் இசை மட்டும்தான். கெக்குக்குவுக்குச் சோறு போட்டதும் அதே மேடைதான்.

நிஜமாகவே இவர்தான் முதல் ஆளா?

இதில் சர்ச்சை உண்டு. கேப்ரியல் டேவியன் என்பவர் 1880-களிலேயே கம்பியில் பொருளை நகர்த்தி வாசித்ததாக ஒரு தகவல் இருக்கிறது. ஆச்சரியம் என்னன்னா, அவர் இந்தியாவில் பிறந்தவர் என்றும், ஒரு கப்பல் கேப்டன் அவரைச் சிறுவயதில் கடத்தி ஹவாய்க்குக் கொண்டுவந்தார் என்றும் சொல்கிறார்கள். ஜேம்ஸ் ஹோவா என்ற இன்னொரு பெயரும் அடிபடுகிறது.

கம்பியில் ஒரு பொருளை நகர்த்துவது உலகத்துக்கே புதுசு என்று யாரும் சொல்ல முடியாது. நம்ம ஊர் கோட்டுவாத்தியமே (சித்ரவீணை) மரக்கட்டையை நகர்த்தி வாசிப்பதுதான். அது தனி வழியில் வளர்ந்தது. கெக்குக்கு செய்தது வேறு: அதற்கேற்ற கருவியைச் செய்து, கிட்டாரை மாற்றி, பாடமாக்கி, 2 கண்டங்களில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெரும்பாலான ஆய்வாளர்கள் அவர் பக்கம் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

மடியில் கிடக்கும் கிட்டாரின் சத்தம் பெரிய அரங்கில் எடுபடாது. அந்தப் பிரச்னையைத் தீர்க்கப் பலர் முயன்றார்கள். 1932-ல் சந்தைக்கு வந்த 'ஃப்ரையிங் பேன்', வணிகரீதியில் வெற்றி பெற்ற முதல் எலெக்ட்ரிக் கிட்டார். அது மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார்! ராக் கச்சேரியில் அலறும் கிட்டாரின் தாத்தா என்றே சொல்லலாம்.

இந்தியாவிலும் இது வேர்விட்டது. ஹவாய்க் கலைஞர் டாவ் மோவின் குடும்பம் 1940-களில் கல்கத்தாவில் வசித்து வாசித்தது. பிறகு பிரிஜ் பூஷன் கப்ரா இதை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுவந்தார். கிட்டாரை மாற்றி 'மோகன வீணை' உருவாக்கிய விஷ்வ மோகன் பட் 1994-ல் கிராமி விருது வாங்கினார்.

கடைசியில் என்ன ஆனார்?

ஐரோப்பாவிலிருந்து திரும்பி சிகாகோவில் இசைப்பள்ளி நடத்தினார். பிறகு மனைவியோடு நியூ ஜெர்சியின் டோவர் என்ற சின்ன ஊருக்குப் போய், அங்கேயும் பாடம் எடுத்தார். 1932 ஜனவரி 16-ல் இறந்தார். ஃப்ரையிங் பேன் விற்பனைக்கு வந்த அதே வருடம். பிறந்த தீவிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, டோவரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஸ்டீல் கிட்டார் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர 1993 வரை ஆனது. லாயியேவில் அவருக்குச் சிலை வைத்தது 2015-ல். மடியில் கிட்டாரோடு அவர் ஊர் திரும்ப 111 வருஷம் ஆகியிருக்கிறது, அதுவும் சிலையாக.