ராமன் விளைவில் இன்னொரு பெயர்: யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

கள்ளக்குறிச்சி பக்கம் ப்ளஸ் ஒன் சேரப் போகும் மாணவரிடம் கேட்டுப் பாருங்க. பயாலஜி குரூப்போ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்போ, எதை எடுத்தாலும் இயற்பியல் கூடவே வந்துடும். கல்வராயன் மலையில் இருந்து இறங்கி வந்து படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணலாம். பிராக்டிகல், வைவா என்று வந்தால்தான் கை நடுங்கும். நல்ல லேப் உள்ள சிட்டி ஸ்கூல்ல படிச்சாதான் இயற்பியல் வரும் என்ற பேச்சும் இருக்கு.

அந்தப் பேச்சுக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய பதில் ஒன்று நம்ம ஊரிலேயே உண்டு. கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ல் பிறந்தவர். அப்பா விவசாயி, தமிழ், சம்ஸ்கிருதம் இரண்டிலும் நல்ல புலமை உள்ளவர். உள்ளூரில் படித்துவிட்டு, மேல் வகுப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனார் கிருஷ்ணன்.

ஒன்பதாம் வகுப்பில் அவருக்கு வாய்த்த அறிவியல் ஆசிரியர் தொழில்முறை இயற்பியலாளர் கிடையாது. ஆனால் அவர் நடத்திய பாடம் மனசை விட்டுப் போகாது, புத்தகத்தோடு நிற்கவும் விடாது என்று பின்னாளில் கிருஷ்ணனே எழுதியிருக்கிறார். பள்ளியிலோ வீட்டிலோ, இருப்பதை வைத்து சின்னச் சின்ன சோதனைகள் செய்து பார்க்கச் சொல்வாராம். பையன் செய்தும் பார்த்தான். பொருட்களின் அடர்த்தியை அளக்க எளிய கருவி ஒன்றை அந்த வயதிலேயே உருவாக்கினான். அடிப்படை, இன்றைக்கு ப்ளஸ் ஒன்னில் வரும் ஆர்க்கிமிடீஸ் தத்துவம். ஒரு பொருளைக் காற்றில் எடை போடுங்க, அப்புறம் தண்ணீரில் முக்கி எடை போடுங்க. குறைகிற எடைதான் அது ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை. காற்றில் உள்ள எடையை அந்தக் குறைவால் வகுத்தால், தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது கிடைத்துவிடும்.

அப்போ ப்ளஸ் டூ கிடையாது. தமிழ்நாட்டில் அது வந்தது 1978-ல்தான். பள்ளி முடித்தவர்கள் கல்லூரியில் இரண்டு வருஷம் இண்டர்மீடியட் படிக்கணும். அதற்காக கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும், பட்டப்படிப்புக்கு சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கும் போனார். பிறகு அங்கேயே வேதியியல் செய்முறை உதவியாளர் வேலை. மதிய உணவு இடைவேளையில் மாணவர்களோடு உட்கார்ந்து இயற்பியல், கணிதம், வேதியியல் என்று எதைக் கேட்டாலும் பேசுவார். விஷயம் பரவி, மற்ற கல்லூரிப் பசங்களும் வர ஆரம்பித்தார்கள். இன்றைய டியூஷன் சென்டர்கள் ஃபீஸ் வாங்கிக்கொண்டும் தராத ஒன்று!

1920-ல் கல்கத்தா போனார். 1923-ல் சி.வி.ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

1928 பிப்ரவரியில் என்ன நடந்தது?

கணக்கும் கோட்பாடுமாக இருந்த கிருஷ்ணனை, சோதனை மேசைக்கு வரச் சொன்னார் ராமன். ஏற்பாடு ரொம்ப சிம்பிள். சூரிய ஒளியை நீல-ஊதா ஃபில்டர் வழியாக அனுப்பி ஒரு திரவத்தில் பாய்ச்சணும். திரவம் சிதறடிக்கும் ஒளியை, நீல-ஊதாவைத் தடுக்கிற இன்னொரு ஃபில்டர் வழியாகப் பார்க்கணும். உள்ளே போன நிறமே வெளியே வந்தால் கண்ணுக்கு இருட்டுதான் தெரியும். ஆனால் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒளியின் ஒரு துளி மூலக்கூறிடம் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளியே வந்திருந்தது. கிருஷ்ணன் கண்ணாலேயே பார்த்துப் பார்த்து நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சுமார் 60 திரவங்களைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் கூடவோ குறையவோ இது இருந்தது. மார்ச் 31-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையில் இரண்டு பெயர்கள்: ராமன், கிருஷ்ணன். அதே சமயத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இதையே கண்டிருந்தார்கள்.

1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. நோபல் உரையில் ராமன் கிருஷ்ணனைக் குறிப்பிட்டார். பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ராமன் வருஷக்கணக்கில் துரத்திய கேள்வி அது என்பதும் உண்மை, அந்த பிப்ரவரியில் முக்கியமான பல நாட்கள் கருவி முன்னால் இருந்த கண்கள் கிருஷ்ணனுடையவை என்பதும் உண்மை. அவர் பெயர் பாடப்புத்தகத்தில் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் வந்திருக்கலாம்.

கிருஷ்ணன் அதோடு நின்றுவிடவில்லை. நோபல் அறிவிப்பு வந்தபோது அவர் டாக்கா பல்கலைக்கழகத்தில், சின்னப் படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஒரே படிகம் ஒவ்வொரு திசையிலும் காந்தத்துக்கு வேறு வேறு விதமாக நடந்துகொள்வதை அளக்கும் வேலை அது. அதில் அவருக்குத் தனிப் பெயர் கிடைத்தது. 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1946-ல் சர் பட்டம்.

நாடு விடுதலை பெற்ற 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். மீட்டரும் கிலோவும் நாடு முழுக்க ஒன்றாக இருக்க, அளவைத் தரங்களைப் பாதுகாக்கும் இடம் அது. 1954-ல் பத்மபூஷண், 1958-ல் முதல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது. 1961 ஜூனில் இறக்கும்வரை அந்த ஆய்வகத்தின் இயக்குநர் அவர்தான்.