குழாய் வாணிகரும் நீதிபதி டாஃப்ற்றும்

ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாகவும், பின்னர் அந்நாட்டுப் பிரதம நீதியரசராகவும் விளங்கியவர் வரலாற்றில் ஒருவரேயாவர். அவர் வில்லியம் ஹவாட் டாஃப்ற். ஓகையோ மாநிலத்துச் சின்சினாற்றி நகரில் 1857ஆம் ஆண்டு பிறந்த அப்பெருந்தகை உள்ளூர விரும்பியது நீதியாசனத்தையே. 1898இல் அவர் மேன்முறையீட்டு நீதிபதியாயிருந்து எழுதிய தீர்ப்பொன்று இன்றும் சட்ட மாணவராற் பயிலப்படுகின்றது.

அக்காலத்தில் நகரங்கள் குடிநீருக்கு வேண்டிய வார்ப்பிரும்புக் குழாய்களைக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கின. அடிஸ்ரன் கம்பனி முதலான ஆறு கம்பனிகள் தம்முள் இரகசிய உடன்பாடு செய்தன. சில நகரங்கள் இன்ன கம்பனிக்கே உரியவையென ஒதுக்கப்பட்டன. டாஃப்ற் பிறந்த சின்சினாற்றியும் அவற்றுள் ஒன்று. ஏனைய இடங்களுக்கு விலையைத் தாமே வரையறுத்துவிட்டு, அவ்வேலையைப் பெறும் உரிமையைத் தமக்குள் ஏலம் விட்டனர். பொதுநிதிக்கு அதிகம் தர இசைந்த கம்பனி அவ்விலையைக் குறிக்கும். மற்றவை வேண்டுமென்றே கூடிய விலை குறித்து அனுப்பும். பத்திரங்களைத் திறந்த நகரசபையார் மெய்யாகவே போட்டி நடந்ததென நம்பியிருப்பர்! ஏலப்பணம் கம்பனிகளுக்குள் பங்கிடப்பட்டது. ஈற்றில் அதனைக் கொடுத்தவர் குடிமக்களே.

வாணிகத்தைத் தடுக்கும் உடன்பாடுகளை 1890ஆம் ஆண்டின் ஷேர்மன் சட்டம் விலக்கியிருந்தது. ஆயினும் 1895இல், சீனி ஆலைகள் பற்றிய வழக்கில், உற்பத்தி வேறு, மாநிலங்களுக்கிடையிலான வாணிகம் வேறு எனக் கூறிய உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை வலுவிழக்கச் செய்தது. குழாய் வழக்கும் கீழ்நீதிமன்றில் தள்ளுபடியாயிற்று. மேன்முறையீட்டிலே, தம் விலை நியாயமானதென்றும், கட்டற்ற போட்டி தம்மை அழிக்குமென்றும் கம்பனிகள் வாதித்தன. டாஃப்ற் அவற்றை ஏற்றிலர். தன் கடையை விற்பவன், அண்மையில் வேறு கடை வையேன் என வாக்களிப்பதுண்டு. அது நேரிய விற்பனையொன்றுக்குத் துணையாவது. போட்டியை ஒழிப்பதொன்றையே நோக்காகக் கொண்ட உடன்பாட்டுக்கு அத்தகைய ஆதாரம் யாதுமில்லை. எவ்வளவு போட்டி நன்று என அளத்தல் நீதிமன்றத்தின் கடமையுமன்று. இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டியமையே அத்தீர்ப்பின் உயிர். 1899 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதனைப் பெரும்பாலும் உறுதிசெய்தது.

ஆனால் அதே ஆண்டில் அந்த ஆறு கம்பனிகளும் ஒன்றாய் இணைந்துவிட்டன. ஒரே கம்பனியான பின்னர் உடன்பட வேறு யாருளர்!

1909 முதல் 1913 வரை சனாதிபதியாயிருந்த டாஃப்ற்றின் அரசாங்கம் பெருங்கூட்டுக்கள் மீது பல வழக்குகளைத் தொடுத்தது. 1921இல் அவர் பிரதம நீதியரசரானார். 1927இல் குளியலறை மட்கலம் செய்த 23 கம்பனிகளின் வழக்கு வந்தது. விலை நியாயமாயினும் அதனைக் கூடி நிருணயித்தல் குற்றமே என உயர்நீதிமன்றம் தீர்த்தது. எழுதியவர் நீதியரசர் ஸ்ரோன். உடன்பட்டோருள் டாஃப்ற்றும் ஒருவர். 1930 மார்ச்சு 8ஆம் நாள் அவர் காலமானார்.