உடற்கல்விக்குக் கல்லூரி கண்ட மார்ட்டினா அம்மையார்

எமது பிள்ளைகள் எத்துறையைக் கற்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் ஆகிய நான்கும் முன்வரிசையில் வந்து நிற்பதை நாம் அறிவோம். ஒரு மகள் வந்து, தான் உடற்கல்வி ஆசிரியையாக விரும்புவதாகக் கூறினால் அவ்வீட்டில் சிறிது நேரம் மௌனம் நிலவும். ஊரிலே பி.ரி. மாஸ்டர் என்று நாம் அழைத்தவர் எம் நினைவுக்கு வருவார். கழுத்திலே விசில், கையிலே பிரம்பு, மைதானத்திலே வெயில். அவருக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை என்பதே எம்மிற் பலர் மனத்தில் ஊறிய எண்ணம்.

இன்று இலங்கைப் பாடசாலைகளில் இப்பாடம் "சுகாதாரமும் உடற்கல்வியும்" என்னும் பெயரில் நூலும் பரீட்சையும் கொண்டதாய் விளங்குகின்றது. இங்கிலாந்திலும் 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் அரச நிதி பெறும் பாடசாலைகளில் சுகாதாரக் கல்வி கட்டாயமாயிற்று. எலும்பும் தசையும் இதயமும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்று அறியாதவர் இதனைக் கற்பிக்க இயலாது. அந்த அறிவைப் பெற்றவரே உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம் என்னும் விதியை இந்நாட்டிலே வேரூன்றச் செய்தவர்களுள் முதல்வரிசையில் நிற்பவர் சுவீடன் நாட்டுப் பெண்மணி ஒருவர். அவரே மார்ட்டினா பேர்க்மன் ஓஸ்டர்பேர்க் அம்மையார்.

1849ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் நாள், சுவீடனின் தென்பகுதியான ஸ்கோனே மாகாணத்தில், ஹம்மார்லுண்டா என்ற சிற்றூரிலே, வேளாண்மைக் குடும்பமொன்றில் மார்ட்டினா பிறந்தார். அக்காலத்தில் படித்த பெண்ணொருத்திக்குத் திறந்திருந்த வாயில்கள் மிகச் சிலவே. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் வேலையை அவர் பார்த்தார். பின்னர், சுவீடன் மொழியிலே வெளிவந்த பெருங் கலைக்களஞ்சியம் ஒன்றின் அலுவலகத்திற் பணியாற்றினார். முப்பது வயதை நெருங்கியபோதுதான் தமக்குரிய பாதையைக் கண்டு, 1879இல் ஸ்டொக்ஹோம் நகரின் அரச மத்திய உடற்பயிற்சி நிறுவனத்திலே மாணவியாகச் சேர்ந்தார். பத்தொன்பது வயதிலே எதிர்காலம் முழுவதும் முடிவாகிவிட வேண்டும் என்று அவசரப்படும் பெற்றோர் இதனைக் கவனிப்பார்களாக.

அந்நிறுவனத்தை 1813இல் தோற்றுவித்தவர் பேர் ஹென்ரிக் லிங் என்பார். அவர் கவிஞர்; வாட்பயிற்சி ஆசானுமாவார். தமது கையில் இருந்த நோய் வாட்பயிற்சியாற் குணமானதைக் கண்டு, எவ்வசைவு எத்தசையை வலுப்படுத்தும் என்று ஆராய்ந்து, ஒழுங்கான பயிற்சி முறையொன்றை வகுத்தார். பளுத்தூக்குதலோ சாகசமோ அதிலே முதன்மை பெறவில்லை. நிற்றல், வளைதல், நீட்டல், மூச்சுவிடுதல் என உடலின் எல்லாப் பகுதிகளும் படிப்படியாகப் பயிற்றப்பட்டன. பெரும்பாலான அசைவுகளுக்குக் கருவிகளும் தேவைப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் இம்முறையைக் கற்றுத் தேறிய மார்ட்டினா, 1881இல் இலண்டனுக்கு அழைக்கப்பட்டார்.

அழைத்தது இலண்டன் பாடசாலைச் சபை. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி அமைந்த இச்சபை, நகரின் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பாடசாலைகளைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தது. 1880இல் பாடசாலைக்குச் செல்லுதல் கட்டாயமாக்கப்பட்டதும் வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. பெண்பிள்ளைகளுக்கும் பாலர்க்கும் உடற்பயிற்சி கற்பிக்கும் பொறுப்பு முதலில் இன்னொரு சுவீடன் பெண்மணியிடம் இருந்தது. அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த மார்ட்டினா அம்மையார் அயராது உழைத்தார். தாமே சென்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்பிக்க இயலாது. ஆகவே ஆசிரியைகளுக்குக் கற்பித்தார். சில ஆண்டுகளுக்குள் 1,300க்கும் மேற்பட்ட ஆசிரியைகள் அவரிடம் பயிற்சி பெற்றனர். கருவி வேண்டாத முறையாதலால், நெருக்கமான கூடத்திலும் சிறிய முற்றத்திலும் அதனைச் செய்விக்க முடிந்தது.

எனினும் அங்கே அவர் கண்டது அவரைச் சோர்வுறச் செய்தது. பசியோடு வரும் பிள்ளை. காற்றோட்டமில்லாத ஒற்றை அறையிலே குடும்பத்தோடு உறங்கி எழுந்து வரும் பிள்ளை. வாரத்திற் சில நிமிடங்கள் கையை நீட்டி மடக்கினால் அப்பிள்ளைக்கு உடல்நலம் வந்துவிடுமா? வராது என்றே அவர் முடிவு செய்தார். அதன்பின் அவரது கவனம் நடுத்தர வகுப்புப் பெண்களின்பால் திரும்பிற்று. இம்முடிவு எமக்கு முழுவதும் உவப்பானதன்று. வசதியற்றவர்களை விட்டு வசதியுள்ளவர்களிடம் சென்றார் என்ற குறை அவர்மேல் உண்டு. ஆயினும் நோயின் வேர் வறுமையில் உள்ளது என்பதை உடற்பயிற்சி ஆசிரியையாகிய ஒருவர் தெளிவாகக் கண்டதும் சிறிய செய்தியன்று. சுகாதாரமும் உடற்கல்வியும் ஏன் ஒரே பாடமாக இணைந்தன என்பதற்கு விடை இங்கேயே இருக்கின்றது.

1885ஆம் ஆண்டு, இலண்டன் ஹம்ஸ்டெட் பகுதியிலே, பிராட்ஹேர்ஸ்ட் கார்டன்ஸ் என்னும் வீதியில் இருந்த ஒரு வீட்டில், பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரியை அவர் தொடங்கினார். இன்றைய ஃபின்ச்லி றோட் நிலையத்துக்கு அண்மையில் உள்ள வீதி அது. தொடக்கத்தில் மாணவியர் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினர். அடுத்த ஆண்டு எட்வின் ஓஸ்டர்பேர்க் என்பவரை மணந்து, தம் பெயரை விடாது கணவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார். மாணவியர் அவரை "மேடம்" என்றே அழைத்தனர். அப்பெயரே நிலைத்துவிட்டது.

படிப்பு இரண்டு ஆண்டுகள். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரவியல், இரசாயனவியல், பௌதிகவியல், அசைவுகளின் கோட்பாடு, சிகிச்சைக்குரிய பயிற்சிகள் ஆகிய யாவும் பாடங்கள். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் பாதி மூடியிருந்த காலத்தில், ஓர் இளம்பெண் மனித உடலின் எலும்புகளையும் தசைகளையும் பெயர் சொல்லிக் கற்றாள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இவற்றோடு நடனமும் நீச்சலும் ஹொக்கியும் கிரிக்கெட்டும் டெனிஸும் இருந்தன. கற்றதைக் கற்பித்துக் காட்ட அருகிலுள்ள பாடசாலைகளுக்கு மாணவியர் அனுப்பப்பட்டனர். இன்று ஆசிரிய மாணவர்கள் கற்பித்தற் பயிற்சிக்காகப் பாடசாலைகளுக்குச் செல்கிறார்களே, அதே ஒழுங்குதான்.

மேடத்தின் கண்டிப்பு பெயர்பெற்றது. தகுதியில்லை என்று அவர் கருதினால் அம்மாணவி வீடு திரும்ப வேண்டியதுதான். உடலை இறுக்கும் இடைக்கச்சு கல்லூரியில் விலக்கப்பட்டது. மூச்சை அடக்கி, விலாவெலும்பை நெரிக்கும் அக்கச்சை அணியாத பெண்ணைச் சமூகம் நாகரிகமற்றவள் என்று கருதிய காலம் அது. அம்மையார் அஞ்சவில்லை. 1890களின் முற்பகுதியில் மேரி டெயிற் என்னும் மாணவி, கையில்லாத, மடிப்பு வைத்த, தோளிலிருந்து தளர்ந்து தொங்கும் ஓர் ஆடையை அமைத்தார். ஓடவும் குனியவும் தாவவும் ஏற்ற அவ்வாடையே "ஜிம் ஸ்லிப்" எனப் பெயர்பெற்று, பின்னர் இந்நாட்டுப் பெண்கள் பாடசாலைகள் பலவற்றின் சீருடையாயிற்று. பெண்பிள்ளை இவ்வுடையில் மைதானத்தில் ஓடினால் நாலுபேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி எங்கள் வீடுகளில் மட்டும் பிறந்ததன்று. நூறாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் வீடுகளிலும் அது கேட்கப்பட்டது.

இனி வாசகர் பலர் அறியாத ஒன்றைக் கூறுவோம். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு ஆண்டுகளின் பின் அமெரிக்க விருந்தினர் ஒருவர் அவ்விளையாட்டை மேடத்தின் மாணவியருக்கு அறிமுகஞ் செய்தார். நாளடைவில் ஆடுகளம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. கூடைக்குப் பதிலாக வளையமும் வலையும் வந்தன. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுதல் மறைந்தது. 1901இல் விதிகள் அச்சாயின. அதுவே வலைப்பந்தாட்டம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பெண்கள் பாடசாலைகளில் எமது தாய்மாரும் சகோதரியரும் ஆடிய அதே ஆட்டந்தான். யாழ்ப்பாணத்தின் புதல்வி தர்ஜினி சிவலிங்கம் 2019இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிலே இலங்கை அணிக்காக ஆடி, அப்போட்டித் தொடரில் அதிக கோல்களைப் போட்டவராகத் திகழ்ந்தார். இம்மண்ணில் உருப்பெற்ற ஆட்டத்தை இம்மண்ணிலேயே எம்மவர் ஒருவர் அவ்வாறு ஆடிக் காட்டினார்.

ஸ்பிரிங்ஃபீல்ட் என்றதும் தமிழர் நினைவுகூர வேண்டிய மற்றொருவர் ஹரி குரோ பக். அங்கே கற்ற அவர் 1920இல் சென்னையிலே வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஐந்து மாணவருடன் தொடங்கினார். ஆசியாவிலே முன்னோடியான அக்கல்லூரி நந்தனத்தில் நூற்றாண்டைக் கடந்து நிலைத்தது. பெண்களுக்கு அங்கே இடங்கிடைத்தது 1940இல்தான். ஹம்ஸ்டெட் கல்லூரிக்கும் அதற்கும் இடையிலே ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

1895இல் அம்மையார் தமது கல்லூரியை கென்ற் மாகாணத்து டார்ட்போர்ட் ஊருக்கு மாற்றினார். எம் 25 நெடுஞ்சாலையில் எசெக்ஸ் நோக்கிச் செல்வோர் தேம்ஸ் நதிக்கு அடியிலுள்ள சுரங்கத்துள் நுழையும் இடமே டார்ட்போர்ட். அங்கே கிங்ஸ்ஃபீல்ட் என்ற மாளிகையும் அகன்ற நிலமும் கிடைத்தன. மைதானங்கள் எழுந்தன, மாணவியர் தொகை பெருகிற்று. தேறி வெளியேறியோர் நாட்டின் பெண்கள் பாடசாலைகளிலே பதவி பெற்றனர். ஒரு பெண், திருமணத்தை மட்டும் நம்பியிராது, தன் படிப்பால் மதிப்புடன் வாழலாம் என்பதே அம்மையாரின் உள்ளக் கிடக்கை. சுவீடனில் பெண்களின் உரிமைக்காக உழைத்தோர்க்கும் அவர் பொருளுதவி செய்தார்.

அவரிடம் பயின்ற றோடா அன்ஸ்ரி 1897இலும், மார்கிறற் ஸ்ரான்ஸ்ஃபீல்ட் 1903இல் பெட்போர்ட் நகரிலும் தத்தம் கல்லூரிகளை நிறுவினர். முன்னாள் மாணவியர் சிலர் 1899இல் லிங்கின் பெயரால் சங்கம் அமைத்தபோது மேடம் அதிற் சேரவில்லை. பிறர் தலைமையை ஏற்கும் இயல்பு அவரிடம் இருக்கவில்லை என்றே தோன்றுகிறது. வலிமையான தாய்மாரால் வலிமையான இனம் தோன்றும் என்று அக்காலத்தார் பேசிய பேச்சு அவரிடமும் இருந்தது. இனத்தை உயர்வு தாழ்வாக அளக்கும் அச்சிந்தனை பின்னாளில் ஐரோப்பாவை எங்கே கொண்டுசென்றது என்பதை அறிந்த நாம் அதனை ஏற்க இயலாது. ஒருவரது பணியைப் போற்றுவதற்கு அவரது எண்ணம் அனைத்தையும் போற்ற வேண்டியதில்லை.

இதற்கிடையே அரசும் விழித்துக்கொண்டது. போவர் யுத்தத்துக்குப் படையிற் சேர வந்த இளைஞர் பலர் உடற்தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டமை நாட்டை அதிரச் செய்தது. 1902இல் பாடசாலைகளுக்கு இராணுவ முறையிலான டிறில் விதிக்கப்பட்டது. சிறுபிள்ளைகளைச் சிப்பாய்களாக்கும் அம்முறை கண்டனத்துக்குள்ளாகி, இரண்டே ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. 1907இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை செய்யச் சட்டம் வந்தது. 1909இல் வெளியான அரசாங்கப் பாடத்திட்டம் சுவீடன் முறையைத் தழுவியதாக அமைந்தது. அம்மையார் பாடசாலைச் சபையிலே விட்டுச்சென்ற வித்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் நாடெங்கும் முளைத்தது.

1915ஆம் ஆண்டு, நோயுற்றிருந்த அம்மையார் தமது கல்லூரியை அறக்கட்டளை ஒன்றின் வழியே நாட்டுக்கே கொடையாக அளித்தார். அவ்வாண்டு யூலை 29ஆம் நாள், அறுபத்தைந்தாம் வயதில் காலமானார். அவரது கல்லூரி அதன்பின்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியைகளை உருவாக்கி, 1976இல் தேம்ஸ் பொலிரெக்னிக்குடன் இணைந்தது. அந்நிறுவனமே 1992இல் கிறினிச் பல்கலைக்கழகமாயிற்று.

சட்டனிலும் அயற்பகுதிகளிலும் வாழும் எமது மாணவியருக்கும் மாணவருக்கும் இத்துறையிலே நாட்டமிருப்பின் வழி கடினமானதன்று, ஆனால் நீண்டது. ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையில் ஆங்கிலமும் கணிதமும் குறைந்தது நான்காந் தரத்திலேனும் சித்தியடைய வேண்டும். உயிரியலைக் கைவிடலாகாது. ஏ லெவலின் பின் உடற்கல்வியிலோ விளையாட்டு விஞ்ஞானத்திலோ மூன்றாண்டுப் பட்டம்; அதன் மேல் ஓராண்டு ஆசிரியப் பயிற்சி. அந்த ஓராண்டின் பெரும்பகுதி பாடசாலைகளிலேயே கழியும். விசிலைக் கையிலெடுக்குமுன், ஜி.சி.எஸ்.ஈ. உடற்கல்விப் பாடநூலின் தொடக்கப் பக்கங்களை ஒரு மாலைப்பொழுதில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்திருந்து புரட்டிப் பாருங்கள். எலும்புகளின் பெயர்களையும் இதயத்தின் அறைகளையும் அங்கே காண்பீர்கள்.